வைக்கோல் உருளை: எரிந்த சரிவில் எவ்வளவு தாங்கும்?

கலிபோர்னியாவில் பெருந்தீ அணைந்ததும், முதல் மழைக்குள் சரிவுகளில் போட வாங்கப்படும் சரக்குகளில் இதுவும் ஒன்று. அங்கே வாட்டில் என்பார்கள். வலையுறைக்குள் வைக்கோலை இறுக அடைத்த உருளை; சுமார் 22 செ.மீ. தடிமன், 7.5 மீட்டர் நீளம். காய்ந்திருக்கும்போது ஒருவரே தோளில் சுமக்கலாம். நனைந்தால் நகர்த்துவதே பாடு, அதனால் மழைக்கு முன்பே மலையேற்றிவிடுங்கள்.

பதிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரைமேல் கிடத்தி முளை மட்டும் அடித்தால், நீர் அடியில் விரல் நுழையும் அளவு துளை போடும். அடுத்த மழையில் அந்த இடம் அரித்து ஓடையாகிவிடும். சம உயரக் கோட்டில் 7 முதல் 12 செ.மீ. ஆழத்துக்குச் சால் வெட்டி, உருளையை அதில் அமுக்கி, தோண்டிய மண்ணை மேட்டுப்பக்கம் அணைத்து மிதியுங்கள். 1.2 மீட்டருக்கு ஒன்றாக 60 செ.மீ. மரமுளை அடிக்க வேண்டும். இரு நுனிகளையும் சற்று மேல்நோக்கி வளைத்துவிடுங்கள், இல்லையென்றால் தேங்கிய நீர் ஓரமாகச் சுற்றி ஓடிவிடும். 2 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் செங்குத்துச் சரிவில் வரிசைகளுக்கிடையே 3 மீட்டர். 4-க்கு 1 என்ற சரிவைவிடச் சாய்வு குறைந்தால் 6 மீட்டர் போதும்.

ஓடை, பள்ளத்தாக்கின் குறுக்கே போடவே கூடாது. 2018 ஜனவரியில் கலிபோர்னியாவின் மான்டெசிட்டோவில் பாறையோடு இறங்கிய சேற்று வெள்ளத்தின் முன் இதெல்லாம் துரும்பு.

வாங்கும் முன் ஒரு சோதனை. சாம்பலை விலக்கிவிட்டு மண்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். 40 விநாடி கழித்தும் முத்துப்போல் உருண்டே நின்றால், மண் நீரைக் கடுமையாக விலக்குகிறது. அங்கே உருளையை மட்டும் நம்பக் கூடாது. அது பெயர்ந்துவந்த மண்ணைப் பிடிக்கும், பெயராமல் காக்காது. ஹெக்டேருக்கு சுமார் 2 டன் வைக்கோலைப் பரப்பி, தரையில் 60 விழுக்காட்டுக்கு மேல் மூடுங்கள். மழைத்துளி மண்ணை அடிக்காது. காற்று வீசும் முகட்டில் வைக்கோல் பறந்துவிடும், அங்கே மரச்சீவல் நல்லது.

பிளாஸ்டிக் வலை போட்டதை வாங்காதீர்கள். பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகின்றன. வைக்கோல் மட்கிய பிறகும் வலை கிடக்கும். சணல் அல்லது தென்னை நார் வலையே கேளுங்கள். உள்ளே நெல் வைக்கோல் என்றால் இன்னும் நல்லது: வயல் களைகள் ஈரத்தில் வளர்பவை, வறண்ட மலைச்சரிவில் தலையெடுக்காது.

எரிந்த வீட்டு மனையைச் சுற்றியும், மழைநீர் வடிகால் வாயிலும் இது அருமையாக வேலை செய்கிறது. 2017-இல் டப்ஸ் என்ற பெருந்தீக்குப் பின் அங்குள்ள சாண்டா ரோசா நகரில் அப்படித்தான் பயன்படுத்தினார்கள். நஞ்சுச் சாம்பலைத் தடுக்கும். நீரில் கரைந்துவிட்ட உலோகத்தைத் தடுக்காது.

என் மதிப்பெண்: மனைக்கு 5-க்கு 4.5, மலைச்சரிவுக்கு 3. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் நடந்து பாருங்கள். வண்டல் உருளையின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைத் தொட்டதும் அள்ளிவிட வேண்டும், பொறுத்தால் அடுத்த மழை மேலேறிக் கடந்துவிடும்.