சேலத்தில் ஆஞ்சியோவுக்குச் சேர்பவர்கள் கவனத்துக்கு: ஸ்டென்ட் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்

ஏற்காட்டிலிருந்து நெஞ்சுவலியோடு ஆளை இறக்கிக் கொண்டுவரும் குடும்பங்களிடம் சேலத்துத் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் நடக்கும் வசூலைப் பற்றியது இந்தப் பதிவு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினால், "சர்வர் வேலை செய்யல, இப்போதைக்குக் கட்டுங்க, அப்ரூவல் வந்ததும் திருப்பித் தந்துடுவோம்" என்பார்கள். கட்டிய பணம் திரும்பாது. அந்தப் பதற்றத்தில் கையெழுத்து வாங்கும் தாள்களுக்கு நடுவே, 'காப்பீடு வேண்டாம், சொந்தச் செலவில் செய்துகொள்கிறேன்' என்று ஒன்று இருக்கும். பிறகு எங்கே போய்க் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு தாளையும் செல்போனில் படம் எடுங்கள். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, திட்டத்துக்குள் வரும் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் அங்கிருந்தபடியே 1800 425 3993-க்கு அழையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். நிலைமை தாங்குமென்றால், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பைப் படம்பிடித்துப் பார்க்கும் சோதனை, செய்யும் கேத் லேப் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது ஸ்டென்ட், அதாவது அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய். மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017-இல் 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதன்பின் அவ்வப்போது திருத்துகிறார்கள். ஸ்டென்ட்டில் லாபம் குறைந்ததும் அதை உள்ளே வைக்கப் பயன்படும் பலூன், கைடு வயர், கதீட்டர் பக்கம் கை போனது. 'கன்ஸ்யூமபிள்ஸ்' (பயன்படுத்தித் தீரும் சாமான்கள்) என்று ஒரே வரியில் பெரிய தொகை போட்டிருந்தால் அந்த பில்லை ஏற்காதீர்கள், பிரித்துக் கேளுங்கள். ஸ்டென்ட்டின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை எல்லாம் பில்லில் தனியாக வர வேண்டும். ஸ்டென்ட் பெட்டியில் பேட்ச் எண்ணோடு உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை மருத்துவமனை வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்றை நீங்கள் கேட்டு வாங்குங்கள். ஆஞ்சியோ சிடியும் கட்டாயம் வேண்டும். இரண்டு ஸ்டென்ட்டுக்கு பில் போட்டு ஒன்றை வைத்திருந்தால், வேறொரு இதய மருத்துவர் அந்த சிடியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து "இதுதான் எல்லாமே" என்பார்கள். இல்லை. தினசரிக் குறிப்பு, மருந்து சார்ட், ஒப்புதல் படிவங்கள் அடங்கிய கேஸ் ஷீட் வேறு. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. வாயால் கேட்டால் கணக்கில் வராது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள்தான் வைத்திருக்கச் சொல்கிறது அதே விதி, தள்ளிப்போட வேண்டாம்.

பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அப்படிச் செய்தால் உடனே போலீஸ் எண் 100-க்கு அழையுங்கள்.

மற்ற புகார்களை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதி, நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 ஆண்டு. மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.