டிராக்டர் டிரெய்லர் பின்விளக்கு: பழையதைச் சரிபார்ப்பதா, எல்இடி மாட்டுவதா?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் ராத்திரியிலும் ஓடும். பின்னால் பைக்கில் வருபவர் கண்ணுக்கு அந்த டிரெய்லர் தூரத்திலேயே தெரிந்தாக வேண்டும். இதற்குப் பழைய பல்பு விளக்கைப் பழுதுபார்க்கலாம், தண்ணீர் புகாத எல்இடி விளக்கு மாட்டலாம், இல்லையென்றால் பழைய ஹோல்டரிலேயே எல்இடி பல்பைப் போடலாம்.

எதை எடுத்தாலும் முதலில் எர்த்தை, அதாவது விளக்கிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள். பல டிரெய்லர்களில் எர்த்துக்குத் தனி வயரே கிடையாது. டிராக்டர் ஹூக்கும் டிரெய்லரை மாட்டும் இரும்புப் பின்னும் (pin) தொட்டுக்கொள்வதை நம்பியே விளக்கு எரிகிறது. அங்கே துருவும் கிரீஸும் சேர்ந்தால் கரண்ட் வேறு பல்பு வழியாகத் திரும்பும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் விளக்கும் சேர்ந்து துடிப்பதும் இதனால்தான். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீள வயரை விளக்கின் எர்த் முனையில் தொட்டுப் பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று ஏறினால் குற்றம் பல்பில் இல்லை. டிராக்டர் சாக்கெட்டிலிருந்து விளக்கு வரை எர்த்துக்கென்று தனி வயர் இழுத்துவிடுங்கள்.

வயரின் கனமும் முக்கியம். இரண்டு பிரேக் பல்பும் சேர்ந்து 42 வாட்; 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். போக 8 மீட்டர், வர 8 மீட்டர் என்று 0.5 சதுர மி.மீ. வயரில் அனுப்பினால் கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியிலேயே போய்விடும், வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும். 1.5 சதுர மி.மீ. வயரில் இழப்பு முக்கால் வோல்ட்கூட வராது.

பல்பு விளக்கின் பெரிய பலம், எந்த ஊர்க் கடையிலும் 21/5 வாட் பல்பு (பிரேக்குக்கு 21, பார்க்குக்கு 5) கிடைக்கும், டிரைவரே மாற்றிவிடலாம். ஆனால் வரப்பும் குழியுமான பாதையில் ஆடி ஆடி ஃபிலமென்ட் அறுந்துவிடும். கண்ணாடி உடைந்தால் தண்ணீரும், யூரியா ஏற்றினால் அந்தத் தூளும் உள்ளே போய் ஹோல்டரை அரிக்கும். லேசான துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். ஹோல்டர் கையோடு பொடிந்து வந்தால் அதில் மேலும் காசு போடுவது வீண்.

எல்இடி விளக்கு அதிர்ச்சியைத் தாங்கும், கரண்டும் குறைவாக எடுக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் எரியாது. பழைய பிளாஷரோடு (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலே) போட்டால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கலாம், இல்லை துடிக்காமலே போகலாம். எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்க வேண்டும். கெட்டுப்போனால் திறந்து பார்க்க வழியில்லை, முழுசாக மாற்ற வேண்டியதுதான். அதனால் ஒன்றைக் கூடவே வாங்கி டூல் பாக்ஸில் வையுங்கள்.

பழைய ஹோல்டரில் எல்இடி பல்பு போடுவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். விளக்கின் உட்கிண்ணம் ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. எல்இடி பல்பில் ஒளி வேறு இடத்திலிருந்து வருவதால், நேர் பின்னால் நின்றால் பளிச்சென்று தெரிந்தாலும் பக்கவாட்டில் மங்கிவிடும்.

என் கணக்கில், ஹோல்டரும் கண்ணாடியும் நன்றாக இருக்கும் டிரெய்லருக்கு வயரை மாற்றிப் பல்பையே வைத்துக்கொள்ளலாம். இரவில் ஆலைக்கு ஓடும் வண்டிக்கு எல்இடிதான்.

ஆனால் கரும்பு நுனி பின்னால் தொங்கினால் இரண்டு விளக்குமே மறைந்துபோகும். இதற்குக் கழற்றி மாட்டும் விளக்குப் பட்டை நல்லது: ஒரு பலகையில் இரண்டு பக்கமும் விளக்கு பொருத்தி, நீள வயரோடு லோடின் கடைசியில் கட்டிவிடலாம். அதோடு பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கட்டாயம் ஒட்டுங்கள். டயர் வெடித்து, இன்ஜினை அணைத்து, ரோட்டோரம் நிற்கும்போது பேட்டரி இறங்கிவிட்டாலும் அது வேலை செய்யும். சேறு படிந்தால் மின்னாது, கிளம்பும் முன் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.