ஏபிஏவா, டீச்சா, பேக்டா?

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அடுத்த வாரமே ஆளுக்கொரு பயிற்சி முறையின் பெயரைக் காதில் போட்டுவிடுவார்கள். ஏபிஏவில் சேர்த்துடுங்க, டீச் நல்லா இருக்குமாம், பேக்ட்னு ஒண்ணு இருக்காமே. மூன்றுமே பல்கலைக்கழக ஆராய்ச்சியில் வளர்ந்தவைதான். ஆனால் குடும்பத்திடம் கேட்கிற விலை வேறு வேறு, நான் பணத்தை மட்டும் சொல்லவில்லை.

முதலில் ஏபிஏ, நடத்தையைப் பழக்கி மாற்றும் முறை. அது பேர் வாங்கியது லாஸ் ஏஞ்சலிஸில். அங்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் நடத்திய திட்டத்தின் முடிவு 1987இல் வந்தது. 19 குழந்தைகள், வாரம் 40 மணி நேரம், இரண்டு வருடமோ அதற்கு மேலோ. பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டுக்கே வந்து ஒவ்வொரு செயலையும் துண்டு துண்டாக உடைத்து, சரியாகச் செய்தால் பரிசு என்று பழக்கினார்கள். 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள், ஐக்யூவும் சராசரிக்கு வந்தது. அந்த 47 சதவீதம் இன்றைக்கும் பேச்சில் அடிபடுகிறது. கூடவே சொல்லாமல் விடுவது இரண்டு: பயிற்சி பெறும் குழு, ஒப்பிட்டுப் பார்க்கும் குழு என்று குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, பயிற்சியாளர் கிடைப்பதைப் பொறுத்துப் பிரித்தார்கள். அப்புறம், பரிசோடு தண்டனையும் இருந்தது. 'நோ' என்று உரக்கக் கத்துவது, தொடையில் அடிப்பது. இன்றைய ஏபிஏ பெரும்பாலும் அதை விட்டுவிட்டது, சரி. ஆனால் 40 மணி நேரம் என்பது ஆபீஸ் போகிறவரின் ஒரு வார வேலை, அதை மூன்று வயதுப் பிள்ளை தலையில் வைக்கிறோம்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீச் வேறு மாதிரி. அம்மாவின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பெரிய மனநல மருத்துவர்களே நம்பிய 1960களில், எரிக் ஷாப்லர் அதை மறுத்து, பெற்றோரையே கூட்டாளிகளாக உட்காரவைத்துத் தொடங்கினார். 1972இல் மாநிலச் சட்டமன்றமே அதை மாநிலம் முழுக்க ஏற்றது. லோவாஸின் 1987 முடிவை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர்களில் இவரும் ஒருவர்.

டீச் மேஜையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். இடப்பக்கம் மூன்று கூடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. வலப்பக்கம் 'முடிந்தது' பெட்டி. என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்தது என்ன என்ற நாலு கேள்விக்கும் யாரும் வாய் திறக்காமலே பதில் கிடைக்கிறது. ஆட்டிசம் உள்ள அக்கா பையனுக்காக அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் பல் தேய்க்கும் படம், இட்லி படம், பள்ளி வேன் படம் என்று வரிசையாக ஒட்டிப் பார்த்தோம். வேன் வராத நாட்களில் முன்பெல்லாம் காலை முழுக்க அழுகைதான். இப்போது அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஆட்டோ படத்தை ஒட்டினால், கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு செருப்பைத் தேடப் போய்விடுகிறான். குறை இல்லாமல் இல்லை. டீச் பற்றிய ஆய்வுகளில் பல சின்னவை. பேச்சு வந்துவிடும் என்று நம்பி ஒட்டினால் ஏமாற்றம்தான்.

பேக்ட், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் கிரீன் குழுவுடையது. இதில் பயிற்சி பெற்றோருக்கு. பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்டோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்: இதோ இங்கே அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் அந்த நேரத்தில் பேசிக்கொண்டே இருந்துவிட்டீர்கள். ஒரு வருடத்தில் 18 அமர்வுகள், வீட்டில் தினம் அரை மணி நேரம், அவ்வளவுதான். 152 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தபோது பெற்றோரின் அணுகுமுறை நன்றாக மாறியிருந்தது, குழந்தையின் ஆட்டிச அறிகுறிகளில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து மறுபடி பார்த்தால், தீவிர அறிகுறி உள்ளவர்கள் பேக்ட் குழுவில் 46 சதவீதம், மற்றதில் 63. பெரிய மாயமெல்லாம் இல்லை, ஆனால் நாணயமான கணக்கு. இதையே கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஸ்பெஷலிஸ்ட் அல்லாத பணியாளர்களை வைத்து 65 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். பெற்றோர் மாறினார்கள், பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது, சேர்ந்து ஒரு பொருளைக் கவனிப்பது மட்டும் குறைந்தது. நம் ஊருக்கு எது ஒத்துவரும் என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

இந்த மூன்றின் ஆய்வுகளும் பெரும்பாலும் பிள்ளையை வெளியிலிருந்து அளந்தவை. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 2006இல் தொடங்கிய ஆஸ்பயர் என்ற கூட்டு முயற்சியில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களே ஆய்வாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் 2020 ஆய்வில், வருடக்கணக்கில் மற்றவர்களைப் போல நடித்து நடித்தே ஓய்ந்துபோய், முன்பு செய்ய முடிந்ததைக்கூடச் செய்ய முடியாமல் போனதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்த 9 பேரை நினைத்துக்கொண்டேன். முதல் வகுப்பை முடித்தார்கள், சரி, முப்பது வயதில் எப்படி இருந்தார்கள்?

வாரம் 40 மணி நேர பேக்கேஜ் சொன்ன ஒரு சென்டரை அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். கூடைகளும் அரை மணி நேர விளையாட்டும் தொடர்கின்றன. போன வாரம் அவனே ஆட்டோ படத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான், அது ஞாயிற்றுக்கிழமை.