சிவப்பைக் கண்டு உறைப்பென்று நம்ப வேண்டாம்: நல்லூரில் ஒரு வட இந்தியச் சாப்பாடு

யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கத்தில் வட இந்தியச் சாப்பாடு விற்கும் உணவகமொன்றுக்கு, ஒரு மாத இடைவெளியில் இருமுறை குடும்பத்தோடு போய்வந்தோம். முதல்முறை மேசையில் பாதி மீந்தது. இரண்டாம்முறை கிண்ணங்களை வழித்துத் துடைத்தோம். சமையற்காரர் மாறவில்லை, நாங்கள் இருந்த மேசைகூட மாறவில்லை. மாறியது நாங்கள் தெரிவுசெய்த விதம் என்பதால், உணவகத்தின் பெயரை விட்டுவிட்டு அதைப்பற்றியே எழுதுகிறேன்.

தோசையும் வடையும் எங்களுக்குப் புதியவையல்ல. ஆனால் தந்தூர் என்ற மண் அடுப்பில் வேகும் ரொட்டியும், பாலைத் திரித்துச் செய்யும் பனீரும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அன்றுதான் அறிமுகம். உணவுப் பட்டியலில் பெயர்களைத் தமிழெழுத்தில் அச்சிட்டிருந்தார்களே தவிர, எது என்ன என்பதற்கு ஒரு சொல் விளக்கமும் இல்லை. பட்டர் பூசிய நான் ரொட்டியைக் குறிக்கும் ‘பட்டர் நான்’ என்ற வரியை உரக்க வாசித்த மாமா, “எந்தக் கோயில் பட்டர்?” என்று கேட்டார். சிரித்து முடித்தபின்னும் எதைக் கொண்டுவரச் சொல்வதென்று விளங்காததால், காதில் விழுந்திருந்த பெயர்களையே சொன்னோம்: பட்டர் சிக்கன், பனீர் பட்டர் மசாலா, மச்சம் சாப்பிடாத அம்மாவுக்காக, பனீரும் உருளைக்கிழங்கும் உருட்டிப் பொரித்துக் குழம்பில் இடும் மலாய் கோஃப்தா ஒன்று.

வந்த மூன்று கிண்ணங்களிலும் ஒரே செம்மஞ்சள் குழம்பு, மேலே ஒரே கிறீம் கோடு. இத்தகைய உணவகங்களின் குசினியில் நூறு கறிகளுக்கு நூறு குழம்புகள் கொதிப்பதில்லை. தக்காளியும் பட்டரும் சேர்ந்த சிவப்புக் குழம்பு, கஜுவும் வெங்காயமும் அரைத்த வெள்ளைக் குழம்பு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிய மண்ணிறக் குழம்பு, கீரைக் குழம்பு என நாலைந்தை முன்கூட்டியே ஆக்கிவைத்து, கேட்டதற்கு ஏற்ப இறைச்சியையோ பனீரையோ அதில் சேர்ப்பதே பொது வழக்கம். நாங்கள் சிவப்புக் குழம்பொன்றையே மூன்று பெயர்களில் வாங்கியிருந்தோம்.

அடுத்த ஏமாற்றம் நிறத்தால் வந்தது. வறுத்த செத்தல் மிளகாயோடு மல்லியும் பெருஞ்சீரகமும் சேர்த்து இடித்த கறித்தூளில் வளர்ந்த நாக்கு, சிவப்பைக் கண்டதும் உறைப்புக்கு ஆயத்தமாகிவிடும். அங்கே நிறத்துக்கென்று போடப்படும் காஷ்மீரி மிளகாயில் நிறம் அதிகம், காரம் மிகக் குறைவு. அதன்மேல் தக்காளியின் புளிப்பை அடக்கச் சிறிது சீனியோ தேனோ சேர்ப்பதால், முதல் வாயிலேயே மாமா, “கறிக்குள்ளை சீனி போட்டிருக்கிறாங்களோ?” என்று என்னைப் பார்த்தார். பட்டர் சிக்கனை முதலில் ஆக்கியவர் யார் என்று இரு உணவகங்கள் 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை வழக்காடின. உரிமை கோரும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது மாமாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்கு அது பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவருக்கு முதற்கறியாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம்முறை நிறம் மாறி நிறம் தெரிவுசெய்தோம். குழம்பே இல்லாத தந்தூரி கோழி முதலில் வந்தது. தயிரிலும் மசாலாவிலும் ஊறிய இறைச்சியின் ஓரங்கள் கருகியிருக்க, தேசிக்காயைப் பிழிந்து வெங்காய வளையத்தோடு சாப்பிட்ட மாமா அன்று வேறு குறை சொல்லவில்லை. அடுத்து கடாய் சிக்கன். மல்லியையும் காய்ந்த மிளகாயையும் வறுத்துக் கொரகொரப்பாக இடித்துப் போடும் கறி அது. எங்கள் கறித்தூளுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றே சொல்லலாம். உறைப்புப் போதாது என்பவர்கள் முன்பே சொன்னால் கூட்டித் தருகிறார்கள்.

அம்மாவுக்கு தால் மக்கனி எடுத்தோம். கிண்ணத்தில் கருமையாக, பளபளவென்று இருந்ததைக் கரண்டியால் கிளறி, ஒரு மணியை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்தார். தோல் ஒருபக்கமும் வெள்ளைப் பருப்பு ஒருபக்கமும் பிரிந்தன. “இது உளுந்தல்லோ!” என்றார். ஆம், தோல் நீக்காத முழு உளுந்தைச் சிறிது ராஜ்மா என்ற சிவப்பு பீன்ஸ் விதையோடு மணிக்கணக்காக மெல்லிய தீயில் வேகவைத்து, பட்டரும் கிறீமும் சேர்த்து இறக்குவதுதான் அது. தோசைக்கும் வடைக்கும் களிக்கும் உளுந்தை ஊறவைத்தே பழகியவர், அதைக் கறியாகத் தின்பதென்பதை வியந்துகொண்டே கிண்ணத்தை முடித்தார். சைவக்காரர் ஒருவருக்கு முதலில் எதை எடுப்பதென்று கேட்டால், பனீருக்கு முன்னே இதைத்தான் சொல்வேன். பனீருக்குத் தனக்கென்று பெரிய சுவை இல்லை. குழம்பு எப்படியோ அதுவும் அப்படித்தான்.

சைவக்காரர்கள் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். சில இடங்களில் நான் ரொட்டி மாவில் முட்டை சேர்ப்பதுண்டு. இங்கே சேர்ப்பதில்லை என்றார் பரிமாறியவர். வெள்ளைக் கோதுமை மாவில் செய்யும் நானைத் தவிர, தவிடு நீக்காத ஆட்டா மாவில் செய்யும் தந்தூரி ரொட்டியும் இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லக்கூடாது. தந்தூரின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் அந்த ரொட்டி, கொப்புளம் வெடித்து ஆவி பறக்கும்போது பஞ்சுபோல் இருக்கும், ஆறியபின் இழுத்தாலும் கிழியாது. ஆளுக்கொன்றாக, தீரத்தீரக் கேட்பதே சரி. பிரியாணியும் எடுத்தோம், சுமார்தான்.

குறைகளும் உண்டு. இருமுறையும் கறி வந்து கால்மணி நேரம் கழித்தே ரொட்டி வந்தது. லஸ்ஸியில் தயிரைவிடச் சீனி முந்தியது. பட்டியலில் உள்ள விலையோடு 10 வீதச் சேவைக் கட்டணம் சேரும் என்பது கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. மத்தியானத்தில் தந்தூர் மூட்டுவதில்லை, ஆகவே ரொட்டியும் தந்தூரி கோழியும் வேண்டியவர்கள் மாலை 6 மணிக்குப் பிறகுதான் போக வேண்டும்.