டீசல் இன்ஜின் பில்டு செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்க: ரூ.3,40,000 போச்சு

நேற்றுதான் என் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை கொஞ்சம் தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோவையில் இன்ஜின் திறனைக் கூட்டும் பெர்ஃபார்மன்ஸ் வேலை செய்யும் ஒரு டியூனிங் கடை ரூ.3,40,000 வாங்கிக்கொண்டு, பழைய உதிரிகளையே துடைத்து மாட்டி அனுப்பியிருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. இப்படி வேலைக்குக் கொடுப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வண்டி ஃபோக்ஸ்வாகன் வென்டோ 1.6 டிடிஐ டீசல் கார், 2012 மாடல். கம்பெனி அளவு 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். ரீமேப்போடு (இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளைத் திறன் கூடும்படி மாற்றி எழுதுவது) நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வயதான இன்ஜெக்டர் ஒன்று சொட்ட ஆரம்பித்து, மூன்றாவது பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்தது. டீசலைப் பனியாகத் தூவ வேண்டிய இன்ஜெக்டர் சொட்டுச் சொட்டாக விட்டால், அது பிஸ்டன் மேலேயே எரிந்து அலுமினியத்தை உருக்கிவிடும். டீசல் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். எப்படியும் இன்ஜினைப் பிரிக்கணும், அதோடு எச்-பீம் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் வலுவான தண்டு), ஹெட் ஸ்டட் (ஹெட்டை பிளாக்கோடு இறுக்க போல்ட்டுக்குப் பதில் போடுவது), ஹைப்ரிட் டர்போ (கம்பெனி டர்போ கூட்டுக்குள் பெரிய வீல் வைத்தது) எல்லாம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். டர்போ அழுத்தத்தை ஏற்றினால் டீசலில் குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க் கொட்டும். அந்த அடியைத் தாங்குவது ராடுதான். வளைந்தால் அது முதலில் வளையும்.

கடைக்காரருக்கு என்னைவிட வயது குறைவு. "வண்டியை விட்டுட்டுப் போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று பேச்சிலேயே பாதி ஆளை முடித்துவிடுவார். சுவரில் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் எடுத்த படங்கள். ஆனால் நான் நம்பியது அதற்காக இல்லை. அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய நான்கு எச்-பீம் ராடுகளை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்தார். பிறகு எலக்ட்ரானிக் தராசைக் கொண்டு வந்து நான்கையும் எடை போட்டுக் காட்டினார். ஒரு கிராம் வித்தியாசம் இல்லை. "பேலன்ஸ் பாருங்கண்ணா, இதுக்குத்தான் காசு" என்றார். இப்படிக் கண் முன்னால் எடை போட்டுக் காட்டுபவனை யார் சந்தேகப்படுவார்கள்? ராடு ரூ.72,000, டர்போ ரூ.1,15,000, ஸ்டட் ரூ.38,000, பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், ரீபோர், மேப், கூலி எல்லாம் சேர்த்து ரூ.1,15,000. மொத்தம் ரூ.3,40,000. பில் கேட்டதற்கு "ஜிஎஸ்டி சேந்துரும்ண்ணா, உங்களுக்கெதுக்கு" என்றார். பணம் போனது அவருடைய மச்சான் கணக்குக்கு.

வண்டி கைக்கு வந்தபோது பழைய ராடு நான்கையும் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சுங்கண்ணா." எங்கே போட்டார்? என் இன்ஜினுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.

ரன்னிங்-இன் (புதிதாகக் கட்டிய இன்ஜினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது) எல்லாம் முறையாக முடித்து, ஆயில் மாற்றி, அப்புறம்தான் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். பெருந்துறை தாண்டி ஒரு லாரியை முந்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே கடகடவென்று இரும்பு அடிக்கிற சத்தம், ரோடெல்லாம் ஆயில். மூன்றாவது ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

கடைக்குப் போன் செய்தால், "ஓவர் ரெவ் பண்ணிட்டீங்கண்ணா." அடுத்த முறை, டீசல் சரியில்லை. அதற்கும் அடுத்து, கடைக்கார அண்ணன் ஊட்டியில் இருக்கிறாராம், வந்ததும் கூப்பிடுவாராம். கூப்பிடவே இல்லை. கணபதி பக்கம் பல வருடமாக லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இன்ஜினை இறக்கினேன். ராடைக் கையில் எடுத்ததும், "கண்ணு, இது கம்பெனி ராடு" என்றார். கம்பெனி ராடில் கிராங்க்ஷாஃப்ட்டைப் பிடிக்கும் பெரிய கண்ணை (வளையத்தை) ஒரே துண்டாகச் செய்து, பிறகு வேண்டுமென்றே உடைத்துத்தான் இரண்டாக்குவார்கள். இணையும் முகம் உடைத்த கருங்கல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். வெளியில் வாங்கும் எச்-பீம் ராடில் அந்த முகம் மெஷினில் சீவிய சமதளமாக இருக்கும். என்னுடையதில் நான்குமே சொரசொரப்பு. ராடு போல்ட்டும் பழையதே. இழுபட்டு இறுகும் வகைப் போல்ட் அது, ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போட வேண்டியது. அதையே திரும்ப முறுக்கியிருக்கிறார்கள், அறுந்துவிட்டது. ஹெட்டில் ஸ்டட் இருந்தால் மேலே நட்டும் வாஷரும் இருக்கணும். இருந்தது கம்பெனி போல்ட். ஹைப்ரிட் டர்போவின் நம்பர் தகடு சுரண்டப்பட்டிருந்தது, உள்ளே காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீலை அளந்தால் பழைய அளவேதான்.

படங்களோடு கடைக்குப் போனேன். "வெளியில பிரிச்சுட்டு வந்திருக்கீங்க, நடுவுல யாரு மாத்துனாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" ரூ.3,40,000 வாங்கிய வாய்! குரலை உயர்த்தியதும் அடுத்த ஆயுதம்: "போலீசுக்குப் போங்க. வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்குது, மாத்துன வண்டி உங்களுதுதான்." கடைசியில், ஒன்றரை லட்சம் கொடுத்தால் கூலி இல்லாமல் இன்னொரு இன்ஜின் போட்டுத் தருகிறாராம்!

இதில் கடை கொடுத்த டைனோ ரிப்போர்ட் (வண்டியை மெஷினில் ஓட்டித் திறனை அளந்த தாள்) வேறு. என் தம்பிதான் சுட்டிக்காட்டினான், அதில் கோடு 6,500 ஆர்பிஎம் வரை போகிறது. இந்த டீசல் 105 குதிரைத்திறனைக் காட்டுவதே 4,400-இல், அதற்கு மேல் கொஞ்ச தூரம்தான் ஓடும். யாரோ பெட்ரோல் வண்டிக்காரருடைய தாள் அது. ஈரோட்டில் அதே கடையில் கொடுத்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன், அவருக்கும் இதே பெட்டி, இதே தராசு. பெட்டியின் மூலை கிழிந்திருந்ததைக்கூடச் சொன்னார்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை மூடும் முன் நேரில் போய் ராடைப் பாருங்கள், இன்ஜின் நம்பரோடு வீடியோ எடுங்கள். பழைய உதிரி கைக்கு வராமல் பாக்கியைக் கொடுக்காதீர்கள். கடைப் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். டைனோ தாளில் வண்டி நம்பர் இல்லையென்றால் அது வெறும் தாள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடணும். நான் போடப்போகிறேன். கிழிந்த பிளாக்கையும் நான்கு ராடையும் சாக்கில் கட்டிப் பெரியவர் கடையிலேயே வைத்திருக்கிறேன். ஈரோட்டுக்காரரும் சேர்கிறார். அதே கடையில் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சீக்கிரம் எனக்கு எழுதுங்கள்.