வில்லுக்குப் புது முடி: நாகர்கோவிலில் ஒரு வயலின் பழுதுபார்க்கும் கடை

மார்த்தாண்டத்தில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஆலயப் பாடகர் குழுவில் பத்தோடு பதினொன்றாக வயலின் வாசித்து வந்த எனக்கு, இந்தக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ஏ மைனர் கான்செர்ட்டோவை (ஒரு தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தனியாக வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. 1711இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள இந்தப் படைப்பைத்தான் பல மாணவர்கள் தங்கள் முதல் கான்செர்ட்டோவாகப் பழகுகிறார்கள். ஐப்பசி மழை ஈரத்தில் என் வயலினில் தந்திகளை முறுக்கும் பிருடைகள் இறுகிப்போயின. வில்லின் முடியோ, வில்லின் அடியில் உள்ள திருகாணியை எவ்வளவு முறுக்கினாலும் தொய்ந்தே கிடந்தது. ஆகவே வடசேரிப் பக்கம் உள்ள ஒரு சிறிய கடைக்குக் கொண்டுபோனேன்.

வில் வேலையைக் குறைசொல்ல இடமே இல்லை. ஈரமாக்கிய குதிரைவால் முடியை ஓர் இழை கூடப் பின்னாமல் சீவி, நாடாவைப் போலப் பரப்பி, சிறு மர ஆப்பை வைத்து இறுக்கும் வரை கடைக்காரப் பெரியவர் தலை நிமிரவில்லை. ஈரக் காற்றில் முடி நீளும் என்பதால் சற்றுக் குட்டையாகவே கட்டியதாகக் கூறி, "மழை விட்டதும் ஒருக்கா கொண்டு வாருங்க சாரே, வெயிலுக்கு இது இறுகும்" என்றார். ரோசின் என்னும் பிசின் கட்டியைத் தேய்க்காத புது முடி தந்தியில் ஓசையே எழுப்பாது என்பதால், அதையும் தாமே பொறுமையாகத் தேய்த்துக் கொடுத்தார்.

தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத் துண்டான பிரிட்ஜையும் மாற்றியிருந்தார்கள்; அந்த விஷயத்தில்தான் ஏமாற்றம். அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் கர்நாடக சங்கீதக்காரர்கள் போலும். வயலின் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்த நிலையில் என் கைக்கு வந்தது. அதை மேற்கத்திய முறைப்படி ஜி-டி-ஏ-இ என மாற்றிக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். ஆனால் புது பிரிட்ஜின் மேல்வளைவு தட்டையாக இருந்ததால், கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் தந்தி விட்டுத் தந்தி தாவும் வேகமான இடங்களில் வில் பக்கத்துத் தந்தியையும் உரசி முனகவைத்தது. ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாகக் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒத்திகையை நிறுத்தி என்னையே பார்த்தான். என் விரல்தான் தப்பு என்று எண்ணிவிட்டான்!

திரும்பக் கொண்டுபோனபோது பணம் வாங்காமல் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான்கு நாள் என்றது பதினொரு நாளாகி, இரண்டு சனிக்கிழமை ஒத்திகைகள் போயின. வில்லுக்கு முடி மாற்ற இந்தக் கடைக்குத் தயங்காமல் போகலாம். பிரிட்ஜ் மாற்றுவதாக இருந்தால், பழைய பிரிட்ஜையும் கையோடு கொடுத்து, அதே வளைவு வேண்டும் என்று சீட்டில் எழுதவைத்த பிறகே வெளியே வாருங்கள்.