மாடியில் வலையா, ஹாலில் பட்டிங் மேட்டா?

வீடு சேலத்தில். கோல்ஃப் ஆட வேண்டுமென்றால் நான் போவது கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துக்கு, இல்லாவிட்டால் பெங்களூருக்கு. ஒன்று ஏறக்குறைய 160 கிலோமீட்டர், இன்னொன்று 200. வேலை வெட்டி உள்ளவர்களால் வாராவாரம் போய்வர முடியாது. அதனால் புதிதாகப் பழகுகிறவர்கள் சீக்கிரமே வீட்டில் எதையாவது வாங்கிப் போடலாமா என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். மொட்டை மாடியில் வலை கட்டி மட்டையை முழுக்க வீசி (முழு ஸ்விங்) அடிப்பதா, ஹாலில் பட்டிங் மேட், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிப் போடப் பழகும் விரிப்பை, விரித்துப் பந்தை உருட்டுவதா? என்னிடம் இரண்டும் இருக்கின்றன. என் ஓட்டு மேட்டுக்கு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். வலைக்குச் செலவு அதிகம், இடம் அதிகம், சத்தமும் அதிகம். மேட்டைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் சேலத்து மாடியில் நிற்க முடியாது. அதற்கு முன்னால் போனால் அங்கே வடகம் பிழிந்துகொண்டிருப்பார்கள். வலைக்கும் அந்த வெயில் ஆகாது. நைலான் நூல் வெயிலில் கிடந்து கிடந்து இற்றுவிடும். தூரமாக அடிப்பதற்கான டிரைவர் மட்டையில் சரியாகப் பட்டால் புதியவர் அடித்த பந்துகூட மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். இற்றுப்போன வலையைக் கிழித்துக்கொண்டு அது யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? அடித்து முடித்ததும் வலையைக் கழற்றி உள்ளே வைக்கிற பொறுமை இருப்பவர்கள் மட்டும் வாங்கலாம்.

இதையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். என்னைப் பொறுத்தவரை விஷயம் ஒன்றுதான்: அடித்தது சரியா தப்பா என்று உங்களுக்கு யார் சொல்கிறார்கள்?

வலையில் பந்து இரண்டு மூன்று மீட்டரிலேயே நின்றுவிடும். வலது கைக்காரர்களைப் பிடித்து ஆட்டுகிற ஸ்லைஸ், பந்து வலப்பக்கமாக வளைந்துகொண்டே போவது, கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் பந்து நூறு கெஜமாவது பறந்தாக வேண்டும். வலையில் அதுவும் நடுவில்தான் போய் விழும். ‘ஆஹா’ என்று அடுத்த பந்தை எடுப்போம். காலடியில் இருக்கிற ரப்பர் பாய் அதைவிட மோசம். புல்தரையில் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை தரையைத் தொட்டால் மண்ணில் சிக்கும், பந்து பாதி தூரம்கூடப் போகாது. ரப்பர் பாயில் அதே மட்டை வழுக்கிக்கொண்டு வந்து பந்தையும் அடித்துவிடும். சத்தமும் நன்றாகவே இருக்கும். அடியில் காங்கிரீட் இருப்பதால் அந்த அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகிறது.

வலைக்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. மட்டையின் முகத்தில் கொஞ்சம் பவுடர் தூவிவிட்டு அடித்தால் பந்து எங்கே பட்டது என்று தடம் தெரியும். மொபைலை ஸ்டாண்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுக்கலாம். ஆனால் அந்த வீடியோவில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டுமே! பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாதபோது நாமே நமக்கு வாத்தியார் ஆகிவிடுகிறோம்.

மேட்டில் இந்தச் சிக்கலே இல்லை. பந்து எங்கே போகிறதென்று முழுக்கத் தெரியும். இன்னும் கறாராக வேண்டுமென்றால் ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அதன் முனையில் ஆணியில் மாட்டுவதற்கு ஒரு ஓட்டை இருக்கும். பந்தை அந்த ஓட்டையின் மேல் வைத்தால் ஆடாமல் நிற்கும். அங்கிருந்து தட்டி, ஸ்கேலை விட்டு விழாமல் மறுமுனை வரை உருட்ட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

கேட்க எளிது. கணக்குப் போட்டால் திசை முக்கால் டிகிரிக்குள் இருந்தால்தான் பந்து கடைசி வரை ஸ்கேலின் மேல் நிற்கும். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். சமதரையில் எட்டு அடியிலிருந்து அதன் நடுவைக் குறிபார்த்தால், இரு பக்கமும் ஒன்றேகால் டிகிரி வரை பிசகலாம். ஆகவே ஸ்கேலில் முழுசாக ஓடுகிற பந்து, வேகம் சரியாக இருந்தால், அந்தக் குழியில் விழும். தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடியிலிருந்து இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து இடப்பக்கம் விழுந்தால் மட்டையின் முகம் இடப்பக்கம் பார்த்திருக்கிறது, வலப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம். பட்டிங்கில் பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்தான், கை வீசுகிற பாதைக்கு இரண்டாம் இடம். வாத்தியார் வேலையை ஸ்கேல் பார்த்துக்கொள்கிறது.

மனதை ஒருமுகப்படுத்தும் விஷயத்திலும் எனக்கு மேட்தான் கைகொடுத்தது. வலையில் பக்கெட் நிறையப் பந்து இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மட்டையில், அரைத் தூக்கத்தில்கூட அடிக்கலாம். பத்தாவது பந்துக்குள் கை பழகி எல்லாம் நன்றாக வருகிற மாதிரி இருக்கும். அந்த நன்மை அடுத்த வாரம் மைதானத்தில் காணாமல் போய்விடும். ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் கை அசைவுகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முன்னால் இருந்தார்கள். மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பிறகு வைத்த சோதனையில் அவர்களை முந்திவிட்டார்கள். வலையிலும் மட்டையை மாற்றி மாற்றி அடிக்கலாம், தடை ஒன்றுமில்லை. ஆனால் பக்கெட்டைப் பார்த்தால் கை கேட்காது.

நான் ஒரே ஒரு பந்துதான் வைத்துக்கொள்கிறேன். மேட்டின் கடைசியில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்தால் குழி தயார். மூன்று அடி, அப்புறம் ஆறு அடி, மறுபடி நான்கு அடி என்று தூரத்தை மாற்றிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தடவையும் பந்துக்குப் பின்னால் நின்று கோட்டைப் பார்ப்பது, ஒரு மூச்சு, நிற்பது, ஒருமுறை டம்ளரைப் பார்ப்பது, அடிப்பது. தவறினால் முதலிலிருந்து. ஒரு பக்கம் குக்கர் விசில், இன்னொரு பக்கம் டிவி சீரியல். இதற்கு நடுவே அந்த வரிசை கலையாமல் அடிக்க முடிந்தால் மைதானத்தில் நாலு பேர் பார்ப்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கண்ணை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து ஜோன் விக்கர்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக ஆடுகிறவர்களின் பார்வை அடிப்பதற்கு முன்பே பந்தின் மேல் அசையாமல் நின்றுவிடுகிறது, அடித்த பிறகும் ஒரு கணம் அங்கேயே இருக்கிறது என்று கண்டார். பந்து உருண்ட பின்னும் பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். முதல் வாரம் கழுத்து தானாகத் திரும்பும்.

பட்டிங்கை மட்டும் பழகி ஆட்டம் முன்னேறுமா என்று கேட்பவர்களுக்கு: பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிகளையும் 72 முறை அடித்து முடிக்க வேண்டிய மைதானத்தில், குழிக்கு இரண்டு என்று 36 முறை பட்டிங்குக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக் தூரமாக அடிப்பவர்கள் வரிசையில் கடைசிப் பக்கம்தான் இருந்தார். அப்படியிருந்தும் பட்டிங்கை வைத்தே நான்காம் இடம் வரை வந்தார். ஒரே ஒரு முறை கூடுதலாக அடித்ததில் பதக்கம் போனது.

மேட்டுக்கும் குறை உண்டு. மேடு பள்ளம், புல்லின் வேகம் இதெல்லாம் அதில் வராது. பவானி ஜமுக்காளத்தை விரித்தும் பார்த்தேன், சுருக்கத்தில் பந்து திசை மாறுகிறது. பந்தைக் கொஞ்சம் தூக்கிப் போடுகிற சிப்பிங்குக்கு இரண்டுமே உதவாது. அதற்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் சொந்தக்காரர் காப்பித் தோட்டத்து வீட்டுப் புல்தரைக்குப் போவேன். சரிவுள்ள தரை என்பதால் பந்து தரையில் இறங்கிய பின் எங்கே ஓடுகிறதென்று அங்கே கற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் நான் போவது எப்போதாவதுதான், அடிக்கடி போனால் எவ்வளவு முன்னேறும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். டிரைவர் மட்டையைப் பற்றியும் அதேபோல் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே பயிற்சியாளரிடம் போய், பிடியையும் நிற்கும் விதத்தையும் சரிசெய்துகொண்டு, ‘இதை இருநூறு தடவை செய்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு வலை பிரயோஜனம். அப்போதும் நடுத்தர தூரத்துக்கான 7-ஆம் எண் அயர்ன் மட்டையோடு, பாதி ஸ்விங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கும்போது ரப்பர் பாய் தடிமனாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், வலையைவிட அதில் காசு போடலாம். முதல் தடவை வாங்குகிறவர் என்றால் மேட், ஸ்கேல், ஒரு டம்ளர் போதும்.